கார்த்திகையில் மூடிக்கொண்ட விரிசல்

மகளே, இது அச்சாகி உன் கைக்கு வரும்போது நீ மஸ்கட்டில் இருப்பாய். போன வாரம் விடைபெற வந்து மூன்று நாள் இருந்தாய். கிளம்பும் அன்று காலை, ஆட்டோ வந்து நின்ற பிறகு, ஒரு காலில் செருப்பை மாட்டிக்கொண்டே முன்னறைச் சுவரில் கை ஊன்றினாய். அந்த இடத்தில் ஜன்னல் மூலையிலிருந்து சரிவாக மேலே ஏறும் ஒரு விரிசல் இருக்கிறது. உன் கட்டைவிரல் நகம் அதற்குள் போய் ஆழம் பார்த்தது. அடுத்த நொடி, அடுத்தவர் பொருளைத் தொட்டுவிட்டவளைப் போலக் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாய். நான் கவனிக்காதவன் மாதிரி பெட்டியை ஆட்டோவில் ஏற்றினேன். பத்து வருடத்துக்கு முன்னால் விரிசலைத் தொட்டுப் பார்ப்பது உன் தொழில். அதை அடுத்தவர் பொருளாக ஆக்கியவன் நான்.

இதை உறையில் போட்டு உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ஆனால் உனக்கு நான் செய்தது அச்சில் வந்தது. அச்சில் வந்ததை உறைக்குள் வைத்துத் திருத்த முடியாது. முப்பத்தோரு வருடம் கோவில்பட்டியிலிருந்து ஒரு நாளிதழுக்குச் செய்தி அனுப்பியவன் நான். மழை பொய்த்ததையும், தீப்பெட்டி ஆபீஸில் மருந்து தீப்பற்றியதையும், எட்டயபுரம் ரோட்டு விபத்துகளையும் எழுதினேன். பெரும்பாலும் சரியாக எழுதினேன். ஒரு செய்தியை மட்டும், தவறு என்று தெரிந்தே எழுதினேன். அது உன்னைப் பற்றியது.

பாலிடெக்னிக்கில் சிவில் முடித்த கையோடு நீ வேலைக்குப் போக வேண்டும் என்றாய். வங்கிகள் கடன் கொடுக்கும் முன்பு கட்டடத்தைப் பார்த்து மதிப்புச் சொல்லும் இன்ஜினியர் ஒருவர் ஊரில் இருந்தார். அவரிடம் பயிற்சி சர்வேயராகச் சேர்த்துவிட்டேன். வீடுகளை அவரே பார்த்துக்கொண்டார். கடை, குடோன், லாட்ஜ், தொழிற்சாலையைக்கூட ஆபீஸ் என்றே சொல்லும் நம் ஊரின் தீப்பெட்டி ஆபீஸ்கள் என்று படியேறி இறங்க வேண்டியதெல்லாம் உன் பங்குக்கு வந்தன. டேப், ரசமட்டம், தூக்குக்குண்டு, டார்ச், ஒரு சின்னச் சுத்தியல். இவற்றை ஒரு ரெக்ஸின் பையில் போட்டு சைக்கிளில் மாட்டிக்கொண்டு காலை எட்டரைக்குக் கிளம்புவாய். சாப்பிடும்போது பேச்செல்லாம் கட்டடம்தான். ஒருநாள் சொன்னாய்: "கடைக்காரரு என்ன வேணா சொல்லுவாருப்பா. ஷட்டரத்தான் பாக்கணும். ஒரு ஓரமா ஒதைச்சு ஏத்துதாரா, அந்தப் பக்கம் தூண் எறங்குதுன்னு அர்த்தம்." அதற்குப் பிறகு பல மாதம் நான் பஜாரில் நடக்கும்போது காலையில் ஷட்டர் திறப்பவர்களின் கால்களையே பார்த்துக்கொண்டு போனேன். இதை உன்னிடம் ஒருநாளும் சொல்லவில்லை.

உன் வேலையில் எனக்குப் பெருமை இருந்தது. வெட்கமும் இருந்தது. டீக்கடையில் ஒருவர் பேப்பரை மடித்துக்கொண்டே கேட்டார்: "அண்ணாச்சி, உங்க மக லாட்ஜு மொட்டமாடியில ஏறி நிக்கா. என்ன, செய்தி சேகரிக்கவா?" நாலு பேர் சிரித்தார்கள். அது அவள் வேலை என்று சொல்ல எனக்கு ஒரு வார்த்தை போதும். அதைச் சொல்லாமல் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து, லாட்ஜ்களை மட்டும் தவிர்த்துவிடு என்று உன்னிடம் சொன்னேன். நீ டிபன் கேரியரைக் கழுவிக்கொண்டே கேட்டாய்: "ஏம்ப்பா, லாட்ஜுன்னா அதுக்கு அஸ்திவாரம் கெடையாதா?" அன்றைக்கே நான் நம் இருவரையும் சரியாக அளந்திருக்க வேண்டும். நீ பயப்படாதவள் என்று தெரிந்தது. நான் பயப்படுகிறவன் என்பதும் தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்தக் கட்டடத்துக்கு வருகிறேன். பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில், கட்டி ஐந்து வருடம்கூட ஆகாத இரண்டு மாடி. கீழே ஒன்பது கடைகள். முதல் மாடியில் ஒரு பல் டாக்டரும் துணிக் குடோனும். இரண்டாவது மாடி முழுக்க டைப் இன்ஸ்டிட்யூட். கட்டடத்தின் சொந்தக்காரர் ஒரு தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி. மேலே இன்னொரு தளம் எழுப்பி, காங்கிரீட் கூரையோடு கல்யாண மண்டபம் ஆக்க நினைத்து வங்கிக்குப் போயிருந்தார். வங்கி உங்கள் இன்ஜினியரிடம் அனுப்பியது. இன்ஜினியர் உன்னை அனுப்பினார். வைகாசி மாதம். விளாத்திகுளம் பக்கம் கரிசல் காட்டு நிலங்கள் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த நேரம்.

இன்ஸ்டிட்யூட்டை நடத்திய பெண்ணை எல்லோரும் டைப் அக்கா என்பார்கள். மெஷின்களின் சத்தத்துக்கு நடுவில் அவர்தான் உனக்கு முதல் தடயத்தைக் கொடுத்தார். "சித்திரை பொறந்துட்டா இந்தக் கதவு சாத்தாதும்மா. ஐப்பசி மழை விழுந்துட்டா தானா சாத்திக்கிடும். ஆசாரிய ரெண்டு தடவ கூட்டியாந்து எழைச்சுப் பாத்துட்டேன்" என்று சொல்லியிருக்கிறார். மரத்தில் கோளாறு இல்லை அக்கா என்று நீ சொன்னாயாம். பிறகு படத்துக்குச் சட்டம் போடும் கடைக்குப் போய் விரல் நீளத்துக்குக் கண்ணாடித் துண்டுகள் ஏழு வெட்டி வாங்கினாய். மேற்குச் சுவரில் ஓடிய விரிசல்களின் குறுக்கே வைத்து, இரண்டு முனையிலும் சிமெண்ட் பாலால் ஒட்டி, பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதினாய். விரிசல் அசைந்தால் கண்ணாடி உடையும். டைப் அடிக்க வந்த பிள்ளைகள் சுற்றி நின்று, "திருஷ்டிக்கா அக்கா?" என்று கேட்டதைச் சொல்லிச் சிரித்தாய். இருபது நாளில் ஏழில் நான்கு உடைந்தன. அன்று நீ சிரிக்கவில்லை.

மேற்கு மூலையில் ஒரு குழி தோண்டச் சொன்னாய். நாலடியில் அஸ்திவாரம் முடிந்துபோனது. அதற்குக் கீழே இன்னும் ஐந்தடி கரிசல் மண். அதற்கும் கீழேதான் சுக்கான், அதாவது அசையாத கெட்டித் தரை. கரிசல் தண்ணீர் குடித்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கும். அதன்மேல் நிற்கும் எதுவும் வருடத்துக்கு ஒரு தடவை எழுந்து உட்காரும். இதையெல்லாம் படம் போட்டு நாலு பக்கம் எழுதினாய். மேலே காங்கிரீட் மாடி கூடாது. மேற்குப் பக்க அஸ்திவாரத்தை மூன்றடி மூன்றடியாக, ஒன்று விட்டு ஒன்றாகத் தோண்டி சுக்கான் வரை இறக்க வேண்டும். சுவரை ஒட்டி ஓடும் வாறுகால் சாக்கடையைத் தள்ளி வெட்ட வேண்டும். சுற்றிலும் தளம் போட்டு மழைத்தண்ணீர் அடியில் இறங்காமல் தடுக்க வேண்டும். அதுவரை இரண்டாவது மாடியில் கூட்டம் சேரக் கூடாது. இன்ஜினியர் படித்துவிட்டு, "வெலை போடச் சொன்னா வைத்தியம் எழுதியிருக்கா" என்று என்னிடமே சொன்னார். ஆனாலும் படங்களை இரண்டு தடவை பார்த்தார் என்பதை நான் கவனித்தேன்.

அந்த நாலு பக்க அறிக்கை வங்கிக்குப் போகவில்லை. இன்ஜினியர் அதை முதலாளியிடம் கொடுத்துவிட்டார். இரண்டாவது நாள் முதலாளி நம் வீட்டுக்கு வந்தார். நீ வேலைக்குப் போயிருந்தாய். அவருக்கும் எனக்கும் உள்ள பழக்கம் உனக்குத் தெரியும். செய்திக் கவரை மதுரை பஸ்ஸில் கொடுத்துவிட்டு, போய்ச் சேர்ந்ததா என்று தவித்துக்கொண்டிருந்த காலத்தில், தன் ஆபீஸ் ஃபேக்ஸை எனக்குத் திறந்துவிட்டவர் அவர். எந்த நேரமும் போகலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. பதிலுக்கு அவர் எதையும் கேட்டதில்லை. ஒன்றும் கேட்காத ஆள் முதல் தடவையாகக் கேட்கும்போது மறுக்க வாய் வராது. மகளே, இதை எழுதி வைத்துக்கொள். ஒருவர் உனக்கு எதையும் எதிர்பார்க்காமல் செய்கிறார் என்றால், என்ன கேட்பது என்று அவர் இன்னும் முடிவு செய்யவில்லை என்றும் அதற்கு அர்த்தம் இருக்கலாம்.

அவர் கோபப்படவில்லை. காபி குடித்தார். "பிள்ளை நல்லாத்தான் பாத்திருக்கு அண்ணாச்சி. நான் தப்பு சொல்லல. ஆனா கரிசக்காட்டுல விரிசல் இல்லாத செவுரு எங்க இருக்கு? கடைக்காரங்க அதுக்குள்ள காலி பண்ணப் போறோம்னு பேசுதாங்க. கோடையில பாத்தா எல்லாம் அப்படித்தான் தெரியும். கார்த்திகையில ஒருக்கா பாக்கச் சொல்லுங்க. இன்ஜினியரும் கூட வரட்டும். நான் அவ்வளவுதான் கேக்கேன்" என்றார். நியாயமாகத்தான் இருந்தது. இரண்டாவது தடவை பார்ப்பதில் என்ன தப்பு என்று யாரும் கேட்பார்கள்.

அவர் போனதும் உன் அம்மா டம்ளரை எடுக்க வந்தாள். மிளகாய்க் காட்டில் வளர்ந்தவள் அவள். "கார்த்திகையில எல்லா வெடிப்பும் மூடிக்கிடும்னு இவியளுக்குத் தெரியாதாக்கும்?" என்றாள். சும்மா இரு என்றேன். பத்து வருடமாக நான் எனக்கே சொல்லிக்கொண்ட ஒரு பொய் உண்டு. நான் செய்தியாளன், எனக்கு மண்ணைப் பற்றி என்ன தெரியும் என்பது அது. எனக்குத் தெரியும். வருடா வருடம் சித்திரையில் வெடித்த காட்டைப் படம் எடுத்து அனுப்பியவனும், கார்த்திகையில் அதே காடு மெழுகியது மாதிரி மூடிக் கிடப்பதைப் படம் எடுத்து அனுப்பியவனும் நான்தான். முதலாளிக்கும் தெரியும். அவர் இரண்டாவது ஆய்வைக் கேட்கவில்லை, கார்த்திகையைக் கேட்டார். உன்னிடம் யாராவது அவகாசம் கேட்டால், எவ்வளவு நாள் என்று பார்க்காதே, எந்த மாதத்தைக் கேட்கிறார்கள் என்று பார். மறுநாள் நான் இன்ஜினியரிடம் போய், பிள்ளை புதுசு, அவசரப்பட்டிருக்கலாம், மழைக்கு அப்புறம் நீங்களே ஒரு தடவை பார்த்துவிடுங்கள் என்றேன். பெற்ற அப்பனே சொன்ன பிறகு அவருக்கு என்ன சங்கடம்?

அந்த வருடம் மழை நன்றாகப் பெய்தது. கார்த்திகை பத்து தேதிக்கு மேல் ஒரு காலை, இன்ஜினியர், முதலாளி, நீ, நான், கடைக்காரர்கள் என்று ஒரு கூட்டமே மாடிப்படியில் ஏறியது. கட்டடத்துக்கு ரோஸ் வண்ணம் அடித்திருந்தார்கள். கண்ணாடித் துண்டுகளைச் சுரண்டி எடுத்த சுவடுகூட இல்லை. மேற்குச் சுவரின் முன்னால் நின்று முதலாளி மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "எந்த எடம்மா? காட்டு, நானும் பாக்கேன்."

நீ டார்ச்சை அடித்து, சுவரைத் தடவிப் பார்த்தாய். "இங்கனதான் இருந்துச்சு" என்றாய். பின்னால் ஒரு கடைக்காரர், "மழையில கரைஞ்சு போச்சோ?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீ திரும்பி, அவரைப் பார்த்து நிதானமாகச் சொன்னாய்: "கரையல. மண்ணு ஊதி மூடியிருக்கு. சித்திரையில வாங்க, காட்டுதேன்." இன்னொருவர், "அப்ப நல்ல நாள் பாத்துத்தான் விரிசல் விடும்போல" என்றார். மறுபடியும் சிரிப்பு. இன்ஜினியர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டைப் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் மழை முடிந்து கதவு சரியாகச் சாத்திக்கொண்டிருந்ததால் அவருக்கும் சொல்ல ஒன்றும் இல்லை. நான் நோட்டுப் புத்தகத்தோடு கதவோரம் நின்றேன். நானும் சிரித்தேன். சத்தமாக இல்லை. நீ பார்த்தாய்.

வீட்டுக்குத் திரும்பும்போது நீ சைக்கிளில் ஏறாமல் உருட்டிக்கொண்டே வந்தாய். ரயில்வே கேட்டில் நின்றோம். அங்கே, கேட் அடைத்திருந்த நேரத்தில், தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "அவிய என்ன வேணும்னாலும் சொல்லட்டும்ப்பா. நீங்க எழுதாதீங்க. நீங்க எழுதலேன்னா போதும்." கேட் திறந்ததும் நான் முன்னால் நடந்தேன். சாயங்காலம் முதலாளியின் ஆபீஸுக்குப் போய், அவர் ஃபேக்ஸிலேயே பதினோரு வரி அனுப்பினேன். பஸ் ஸ்டாண்டு அருகே உள்ள வணிக வளாகம் பலவீனமாக இருப்பதாகப் பரவிய வதந்தி ஆதாரமற்றது, இன்ஜினியரின் ஆய்வில் விரிசல் எதுவும் இல்லை என்று தெரியவந்தது, கடைக்காரர்கள் நிம்மதி. கடைசி வரி இது: 'அனுபவமற்ற பயிற்சியாளர் ஒருவரின் தவறான கணிப்பே வதந்திக்குக் காரணம் என்று கூறப்படுகிறது.'

கூறப்படுகிறது. யார் கூறினார்கள்? அன்று அந்தக் கூட்டத்தில் கேலி செய்தார்கள், சிரித்தார்கள். ஆனால் அப்படி ஒரு வாக்கியத்தை யாரும் சொல்லவில்லை. முதலாளிகூடச் சொல்லவில்லை. நான்தான் கூறினேன். ஆள் இல்லாத வாயில் பழியைப் போட எங்கள் தொழிலில் ஒரு சொல் இருக்கிறது, அதை எடுத்துப் பெற்ற மகளின் மேல் போட்டேன். யார் மேல் குற்றம் வந்தாலும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எழுதக் கூடாது என்று புதிதாக வந்த நிருபர்களுக்கெல்லாம் சொன்னவன் நான். வீட்டில் உட்கார்ந்து அதை எழுதியபோது நீ ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தாய். உன்னிடம் கேட்கவில்லை.

பிறகு நடந்ததை நீ அறிவாய். மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இன்ஜினியர் இரண்டாவது அறிக்கையில் கையெழுத்துப் போட்டார். கொஞ்ச நாள் கழித்து வரலாம் என்று உன்னிடம் சொன்னார், அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. தூத்துக்குடியிலும் சாத்தூரிலும் இரண்டு பேரிடம் கேட்டாய். இருவரும் பேப்பர் படிப்பவர்கள். பஜாரில் உனக்கு விரிசல் பாப்பா என்று பெயர் விழுந்தது. ஒரு வருடத்துக்கு மேல் வீட்டிலேயே இருந்தாய். நாகர்கோவிலிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது, பெண் எங்கேயாவது வேலை பார்த்திருக்கிறதா என்று கேட்டார்கள். எங்கே என்று சொன்னால் விசாரிப்பார்கள், விசாரித்தால் அந்தப் பெயர் காதில் விழும் என்று பயந்தேன். வேலைக்கே போனதில்லை, படிப்பு முடித்து வீட்டில்தான் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்த நீ தலை நிமிரவில்லை. வெட்கம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

இனி வருவது உனக்குத் தெரியாதது. நீ கல்யாணமாகிப் போன அதே வருடம், வைகாசியில், டைப் இன்ஸ்டிட்யூட்டின் மேற்குச் சுவரோரம் பீமிலிருந்து ஒரு பாளம் காங்கிரீட் பெயர்ந்து விழுந்தது. புதூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ் ஏறி வந்து லோயர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் முன்கையில் விழுந்து எலும்பு முறிந்தது. பரீட்சைக்கு அவள் போகவில்லை. பிறகு டைப் படிக்கவும் வரவில்லை. டைப் அக்கா என்னைத் தேடி வந்தார். அழவும் இல்லை, திட்டவும் இல்லை. "நீங்க எழுதினத வெட்டி நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருந்தேன் அண்ணாச்சி. பிள்ளையளோட அப்பாமாரு பயந்து கேட்டா அதத்தான் காட்டுவேன்" என்றார். அந்த மாதமே காலி செய்துகொண்டு போய்விட்டார். பாளம் விழுந்ததை நான் செய்தியாக அனுப்பவில்லை. முதலாளி கேட்டுக்கொள்ளவில்லை. அவர் கேட்க வேண்டிய அவசியமே இல்லாத இடத்துக்கு நான் வந்திருந்தேன்.

ஆனி மாதம் அந்த வழியாகப் போனபோது கட்டடத்தின் பின்பக்கம் தார்ப்பாய் கட்டி ஆட்கள் தோண்டிக்கொண்டிருந்தார்கள். எட்டிப் பார்த்தேன். மூன்றடிக் குழி, மூன்றடி விட்டு அடுத்த குழி. கொத்தனார் எனக்குப் பழக்கமானவர். என்ன வேலை என்று கேட்டதும், பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்த நாலு தாளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். ஜெராக்ஸ். உன் கையெழுத்து. உன் படங்கள். ஓரத்தில் முதலாளியின் பச்சை மையில் வரிக்கு வரி டிக் அடித்திருந்தது. வாறுகால் ஏற்கெனவே தள்ளி வெட்டியாகிவிட்டது. மேலே மண்டபம் எழுப்பாமல் வெறும் தகரக் கூரை போட்டு நிறுத்தியதை ஊர் சிக்கனம் என்று பேசியது. அதுவும் உன் தாளில் இருந்ததுதான். கொத்தனார் சொன்னார்: "யாரோ பெரிய இன்ஜினியரு போட்ட தாளு அண்ணாச்சி. எத்தன அடியில சுக்கான் வரும்னு எழுதியிருக்காவளோ, கணக்கா அங்கன வருது. இது இல்லேன்னா இந்தச் செவுத்துல நான் கையே வச்சிருக்க மாட்டேன்."

அவர் முகத்தைப் பார்த்து, இது என் மகள் எழுதியது என்று சொல்லியிருக்கலாம். இதைவிட எளிதான செய்தி எனக்கு வாழ்க்கையில் கிடைத்ததில்லை. "அப்படியா?" என்றேன். தாளைத் திருப்பிக் கொடுத்தேன். அதற்குள் முதலாளியே வந்துவிட்டார். என்னைத் தாளோடு பார்த்ததும் ஒரு நிமிடம் தயங்கினார். பிறகு எதிர்க் கடையில் கலர் சோடா வாங்கிவரச் சொல்லி என் கையில் கொடுத்தார். "உங்க பிள்ளை கெட்டிக்காரி அண்ணாச்சி. எனக்கு அன்னைக்கே தெரியும். இது நமக்குள்ள இருக்கட்டும்" என்றார். கலரைக் குடித்தேன். நமக்குள்ளேயே எட்டு வருடம் இருந்தது. உன் அறிக்கையை, உன்னுடையது என்று தெரிந்தே, இந்த ஊரில் மரியாதையோடு படித்த ஒரே ஆள் அவர்தான்.

கட்டடம் இன்றைக்கும் நிற்கிறது. ஷட்டர்கள் ஒழுங்காக ஏறுகின்றன. உன்னைப் பற்றிப் பேச்சு வரும்போது, "விரிசல் பாப்பா சொன்ன கட்டடம் நிக்குதா இல்லையா?" என்று அதையே சாட்சியாகக் காட்டுகிறார்கள். நீ சொன்னபடி செய்ததால் நிற்கிறது. அது நிற்பதால் நீ சொன்னது பொய் என்று ஆனது. டீக்கடையில் இந்தப் பேச்சு நடந்த ஒவ்வொரு தடவையும் நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொல்ல எழுந்தால், அந்தப் பதினோரு வரியை எழுதியது யார் என்ற கேள்வி வரும். அதற்குத்தான் பயந்தேன். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை. பிள்ளைகளின் நல்லதுக்காகத்தான் பெற்றவர்கள் பேசாமல் இருக்கிறார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதே. உன் மகள் பெரியவளாகி உன்னிடம் ஒன்றைக் கேட்டால், பதில் உனக்கு அசிங்கமாக இருந்தாலும் அன்றைக்கே சொல்லிவிடு.

இவ்வளவையும் எழுதி முடித்துவிட்டு, நேற்று மத்தியானம் உனக்கு ஃபோன் செய்தேன். பத்து வருடத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன். அந்தக் கட்டடத்தைப் பற்றி உன் தரப்பில் சொல்ல என்ன இருக்கிறது என்று. உனக்குப் பின்னால் குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது. கொத்தனார் வைத்திருந்த தாளைப் பற்றிச் சொன்னேன். எட்டு வருடம் என்பதையும் சொன்னேன். நீ அழுவாய் அல்லது ஃபோனை வைத்துவிடுவாய் என்று நினைத்தேன். "ஒம்போது அடியிலயா சுக்கான் வந்துச்சு?" என்று கேட்டாய். ஆமாம் என்றேன். "சரியாத்தான் போட்டிருக்கேன்" என்று உனக்குள்ளேயே சொல்லிக்கொண்டாய்.

அப்புறம் நான் இதை அச்சுக்கு அனுப்பப் போவதாகவும், உன் பெயரை முழுசாக, படிப்போடு போடப் போவதாகவும் சொன்னேன். ஏதோ பெரிதாகக் கொடுக்கப் போகிறவன் மாதிரிதான் சொன்னேன். நீ குரலைத் தாழ்த்தினாய். "எழுதுங்கப்பா. ஆனா என் பேரு வேண்டாம். உங்க பேரும் வேண்டாம். நான் வேலைக்கே போகலைன்னு நீங்கதான இவிய வீட்டு ஆளுக கிட்ட சொன்னீங்க? நானும் ஆமான்னுதான இருந்தேன். இப்ப பேப்பர்ல வந்தா, இத்தன வருஷம் பொய் சொன்னது நான்னுதான் ஆகும்." நான் பேசுவதற்குள், குழந்தை எதையோ கொட்டிவிட்டது, வைக்கிறேன் என்றாய்.

ஆகவே பெயர்களையெல்லாம் எடுத்துவிட்டேன். முதலாளியின் பெயர், இன்ஜினியரின் பெயர், என் பெயர், உன் பெயர் எதுவும் இதில் இல்லை. மிஞ்சுவது இவ்வளவுதான்: பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் உள்ள அந்தக் கட்டடத்தில் விரிசல் இருந்தது, அதைப் பார்த்தவர் சரியாகப் பார்த்தார். யார் என்ற கேள்விக்குப் பதில் இல்லாத செய்தி செய்தியே இல்லை என்று முப்பத்தோரு வருடம் எழுதியவனுக்குத் தெரியும். தெரிந்தேதான் அனுப்புகிறேன்.